நாம் பசியாறும் நேரம் கேமராவுக்கும் வேண்டும்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை. வானொலி நிலையத்தில் இரவுப் பணியை முடித்துவிட்டு, விடியற்காலை நான்கரை மணிக்குக் காஜாங்கில் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். பாட்டி குளித்து, சேலை மாற்றி, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு தயாராக நின்றுகொண்டிருந்தார். பையில் இரண்டு டப்பா முறுக்கு. அன்றைக்கு நாங்கள் போகவேண்டிய இடம் மலாக்கா, ஜாசின் வட்டாரத்தில் பாட்டி பால் மரம் வெட்டிய தோட்டம்.

அங்கிருந்த லயங்களை இடிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. பெரும்பாலான குடும்பங்கள் எப்போதோ தாமான் வீடுகளுக்குப் போய்விட்டன. கடைசியாக இருந்த ஒரு சிலரில் பாட்டியின் எதிர் லயத்து அக்காவும் ஒருவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருவரும் அடுத்தடுத்த நிரையில் மரம் வெட்டியவர்கள். அன்று காலைதான் அவர் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஜொகூர் பாருவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறார். அதற்குள் போய்ப் பார்த்துவிடவேண்டும் என்பது பாட்டியின் ஆசை. தோட்டத்தில் இருந்த காலத்தில் பாட்டி எடுத்துக்கொண்ட படங்கள் இரண்டே இரண்டுதான்: அடையாள அட்டைக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று. வேலைக் கோலத்தில், வீட்டு வாசலில், சிநேகிதியோடு ஒரு படம்கூட இல்லை. அதனால்தான் நான் கேமராவையும் எடுத்துக்கொண்டேன்.

தூக்கம் கண்ணைக் கட்டியது. குளிர்சாதனத்தை முழு வேகத்தில் வைத்து ஓட்டினேன். "கொஞ்சம் கொறைம்மா, குளிருது" என்று சிரம்பானைத் தாண்டும்போது பாட்டி சொன்னார். ஒரு புள்ளி குறைத்தேன். அவர் துண்டால் தலையை மூடிக்கொண்டு சாய்ந்துகொண்டார்.

ஜாசின் டோலில் இறங்கி, செம்பனைக்கு நடுவே போகும் செம்மண் சாலையில் திரும்பி, லயத்து வாசலில் நின்றபோது மணி ஏழு. லாரி ஏற்கெனவே வந்திருந்தது. அலமாரி, தையல் இயந்திரம், சாமி படங்கள் எல்லாம் ஏறிவிட்டன. வாசல் படியில் பாட்டியும் அந்தப் பாட்டியும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இருவரும் ஒன்றும் பேசவில்லை. செம்பனை ஓலைகளுக்கு இடையே முதல் வெயில் அவர்கள் முகத்தில் விழுந்தது. "பாப்பா, அக்காவையும் என்னையும் சேத்து ஒண்ணு எடும்மா" என்றார் பாட்டி.

கேமராவைக் கண்ணில் வைத்தேன். வெள்ளை. வெறும் வெள்ளை. லென்ஸைத் திருப்பிப் பார்த்தால், குளிர்ந்த பானம் ஊற்றிய கண்ணாடிக் குவளை மாதிரி வேர்த்திருந்தது. சட்டையால் துடைத்தேன். மூன்று விநாடியில் மறுபடியும் மூடிக்கொண்டது. கைப்பேசியை எடுத்தேன். வழி காட்டுவதற்காக அதைக் குளிர்காற்று வரும் துளையிலேயே மாட்டி வைத்திருந்தேன். அதன் லென்ஸிலும் அதே புகை. "என்னாம்மா, பொகையா இருக்கா?" என்று பாட்டி தன் முந்தானையைக் கொடுத்தார். துடைத்ததில் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்து இன்னும் மோசமானது.

லாரிக்காரருக்கு அவசரம். மழைக்கு முன் போய்ச் சேரவேண்டும் என்றார். அந்த அக்கா பாட்டியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு மகனோடு ஏறிக்கொண்டார். கேமரா தெளிந்தபோது லாரி செம்மண் சாலையின் முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. என்னிடம் 11 படங்கள் இருந்தன. பதினொன்றும் பால் மாதிரி வெள்ளை.

எட்டு மாதம் கழித்து அந்த அக்கா இறந்துபோனார். ஜொகூர் பாருவில் துக்கத்துக்குப் போயிருந்தோம். திரும்பும் வழியில் பாட்டி மெதுவாகக் கேட்டார்: "அன்னைக்கு எடுத்தியே, அந்தப் படம் இருக்காம்மா?" அதுவரை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

நமக்கு ஏது குளிர்?

நான் ஊடகத் துறையில் பட்டம் படித்தவள். கேமராவைப் பற்றி இரண்டு பருவம் பாடம் இருந்தது. பனிநாடுகளுக்காக எழுதப்பட்ட ஒரு புத்தகத்தில், கடும் குளிரில் படமெடுத்துவிட்டு வீட்டுக்குள் வரும்போது கேமராவைப் பையில் போட்டு மூடிக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் நீர் படியும் என்று ஓரிடத்தில் இருந்தது. நம் நாட்டில் ஏது பனி என்று அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போனேன்.

நம் நாட்டிலும் குளிர் இருக்கிறது. அதை நாமே செய்து வைத்திருக்கிறோம். நான் வேலை பார்க்கும் ஒலிப்பதிவு அறை, கருவிகள் சூடாகாமல் இருக்க 18 பாகையில் இருக்கும். தங்கும் விடுதி அறை 18, கார் 20, ரயில் பெட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பனிநாட்டில் வெளியே குளிர், உள்ளே கதகதப்பு. இங்கே உள்ளே குளிர், வெளியே புழுக்கம். குளிர்ந்த பொருளை ஈரமான வெப்பக் காற்றுக்குக் கொண்டுபோனால் நடப்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

காற்றில் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத நீராவி இருக்கிறது. காற்று சூடாக இருந்தால் அதிக நீராவியைத் தாங்கும், குளிர்ந்தால் தாங்காது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் தாங்க முடியாத மிச்சத்தை நீராக இறக்கி வைத்துவிடும். அந்த வெப்பநிலையைப் பனிநிலை என்பார்கள். அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருள் வெளியே வந்தாலும் அதன்மேல் தண்ணீர் படியும். ஐஸ் தண்ணீர்க் குவளையின் வெளிப்புறம் வேர்ப்பதும் மூக்குக்கண்ணாடி மங்குவதும் இதனால்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மலாக்காவில் ஒரு விடியற்காலை 25 பாகை, ஈரப்பதம் 95 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். பனிநிலை ஏறக்குறைய 24 பாகை. அதே நாள் நண்பகல் 32 பாகை, ஈரப்பதம் 65 விழுக்காடு. பனிநிலை அப்போதும் 24, 25 பாகைதான். வெயில் ஏறினாலும் இறங்கினாலும் அந்த எண் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே நம் ஊரில் ஒரே ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும்: 25. கேமரா 25 பாகைக்குக் கீழே இருந்தால் வேர்க்கும், மேலே இருந்தால் வேர்க்காது.

எவ்வளவு தண்ணீர் வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். நம் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 20 கிராமுக்கு மேல் நீராவி இருக்கிறது. அதே காற்று 18 பாகைக்குக் குளிர்ந்தால் ஏறக்குறைய 15 கிராம்தான் தாங்கும். மீதி 6 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலான தண்ணீர், எங்காவது இறங்கியாகவேண்டும். லென்ஸை மறைக்க அதில் நூறில் ஒரு பங்கு போதும்.

பால் வடியும் ஈரம்

இந்த ஈரத்துக்கும் நம் தாத்தா பாட்டிகளின் பிழைப்புக்கும் தொடர்பு உண்டு. புக்கிட் லிந்தாங்கில் 1896ல் டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் ரப்பர் நட்டார். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி, ரப்பர் நடும்படி தோட்டக்காரர்களை விடாமல் வற்புறுத்திக்கொண்டிருந்த காலம் அது. மலாயாவில் வணிக நோக்கில் தொடங்கிய முதல் ரப்பர் தோட்டம் என்று புக்கிட் லிந்தாங்கைத்தான் சொல்கிறார்கள். அதன்பின் அவர் புக்கிட் அசாஹானிலும் பெரிய அளவில் நட்டார். அந்த மரங்களைத் தேடித்தான் நம்மவர்கள் கப்பலேறி வந்தார்கள்.

ரப்பர் மரத்தை விடியுமுன் வெட்டத் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இரவுக் குளிரிலும் ஈரத்திலும் மரம் நீரை இழக்காமல் உள்ளழுத்தத்தோடு இருக்கும். அப்போது வெட்டினால் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதே ஈரம் அளவு மீறி மழையாகி மரப்பட்டை நனைந்துவிட்டால் அன்றைக்கு வெட்டு இல்லை. பால் மங்குக்குப் போகாமல் பட்டையெல்லாம் பரவி வீணாகிவிடும். பாட்டி சொல்வார்: "பெரட்டுல நின்னுட்டு மலைக்காட்டுக்குப் போனதும் மொதல்ல மரத்தத்தான் தொட்டுப் பாப்போம். கை சொல்லிடும், வெட்டலாமா வேணாமான்னு."

ஈரத்தைக் கையால் அளந்த ஒரு பெண்ணைப் பின் இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டுதான் நான் கேமராவைக் குளிரவைத்துக் கொண்டுபோயிருக்கிறேன்.

மறுபடியும் மலாக்கா

கடந்த ஆண்டு இறுதியில் பாட்டியை மறுபடி அழைத்துக்கொண்டு போனேன். இந்த முறை மூன்று நாள். லயங்கள் இல்லை என்று தெரியும். தோட்டத்து மாரியம்மன் கோயில் இன்னும் இருக்கிறது என்று கேள்விப்பட்டோம். பாட்டியோடு வேலை செய்த இரண்டு பேர் ஜாசின் பக்கத்துத் தாமானில் இருப்பதும் தெரிந்தது. அவர்களைக் கோயிலுக்கு வரச் சொல்லியிருந்தோம். அதற்கு முன் இரண்டு நாள் ஊரைச் சுற்றினோம். அந்த இரண்டு நாளில் நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் இரவு மலாக்கா நகரில் தங்கினோம். படுக்கும்முன் கேமராவை அணைத்து, ஒரு பெரிய ஜிப்லாக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடிவிட்டேன். முக்கியமான விஷயம், பையைக் குளிர் அறைக்குள் இருக்கும்போதே மூடவேண்டும். அறைக்குள் இருப்பது காய்ந்த காற்று. அது பைக்குள் அடைபட்டுவிட்டால், வெளியே போனதும் தண்ணீர் பையின் மேல்தான் படியும். உள்ளே இருக்கும் கேமரா நனையாமல் மெல்ல மெல்லச் சூடாகும். வெளியே போனபிறகு பையில் போட்டு மூடினால் புழுக்கக் காற்றையும் சேர்த்துக் கட்டியதாகிவிடும். அதனால் பயனில்லை.

காலையில் அறையிலிருந்து கிளம்பி நேராகப் படமெடுக்கப் போகவில்லை. காற்றாட இருக்கும் ஒரு கடையில் உட்கார்ந்து பசியாறினோம். ரொட்டி சானாய், தே தாரிக். மேசையில் பாட்டியின் கைப்பைக்குப் பக்கத்தில் கேமரா பையோடு கிடந்தது. மேலே முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தது, பிறகு காய்ந்தது. முக்கால் மணி நேரம். கைப்பேசிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். சிறிய லென்ஸ் மாட்டிய கேமராவுக்கு அரை மணி முதல் முக்கால் மணி. கல்யாணப் படக்காரர்கள் வைத்திருக்கும் பெரிய லென்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கண்ணாடியும் உலோகமும் எவ்வளவு கனமோ அவ்வளவு பொறுமை வேண்டும்.

பசியாறி முடித்து ஜாலான் துக்காங் எமாஸில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயத்துக்கு நடந்தோம். 1781ல் மலாக்கா செட்டிகள் கட்டிய கோயில். டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், செட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் செட்டியிடம் நிலம் கொடுக்கப்பட்டது. அதே வரிசையில் 1748ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்ட கம்போங் கிளிங் பள்ளிவாசலும் அதற்கு அப்பால் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் இருக்கின்றன. இந்தத் தெருக்களையும் சேர்த்துத்தான் 2008ல் யுனெஸ்கோ மலாக்காவை ஜார்ஜ் டவுனோடு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நடந்து பார்க்கவேண்டிய இடம். நடக்க நடக்கக் கேமராவும் ஊர்ச் சூட்டுக்கு வந்துவிடும். கோயிலுக்குள் படமெடுக்கும்முன் அங்குள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பிற்பகலில் காஜா பெராங்கில் கம்போங் செட்டி. பல தலைமுறையாக வீட்டில் மலாய் பேசி, சாமியைத் தமிழ் மரபில் கும்பிடும் மக்களின் ஊர். 1822ல் எழுந்த முத்து மாரியம்மன் கோயில் இங்கேதான். விடுதியில் மதியம் ஓய்வெடுத்துவிட்டுக் கிளம்பியதால் கேமரா மறுபடி குளிர்ந்திருக்கவேண்டும் அல்லவா? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். எங்கள் அறையில் குளியலறைக்குப் பக்கத்தில் குளிர்காற்று நேரே படாத அலமாரி ஒன்று இருந்தது. பையை அதில் வைத்து, குளிர்சாதனத்தையும் 26 பாகைக்கு ஏற்றிவிட்டேன். பாட்டிக்கு அதுதான் பிடித்தது. "இப்பத்தான் மனுசன் படுக்குற ரூம் மாதிரி இருக்கு" என்றார்.

மறுநாள் விடியற்காலை அசாஹான் பக்கம் போனோம். எல்லைக்கு அப்பால் 1,276 மீட்டர் உயரத்தில் குனோங் லேடாங் நிற்கிறது. அடிவாரத்தில் செம்பனைக்கும் மீதமிருக்கும் ரப்பருக்கும் மேலே மூடுபனி படுத்திருந்தது. இந்தப் பனியில் கேமரா நனைந்துவிடாதா என்று பலர் பயப்படுவார்கள். கேமரா சூடாக இருந்தால் மூடுபனிக்குள் நின்றாலும் கண்ணாடி உடனே மங்குவதில்லை. மங்க வைப்பது நாம் காரிலிருந்து கொண்டுவரும் குளிர்தான். அதனால் அன்று பையைக் காரின் பின்பெட்டியில் வைத்திருந்தேன். அங்கே குளிர்காற்று அவ்வளவாகப் போவதில்லை. கடைசி அரை மணி நேரம் குளிர்சாதனத்தை அணைத்து, ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டினோம். ஈரமண் வாசனையும் தூரத்து ஆலையின் செம்பனை எண்ணெய் வாசனையும் உள்ளே வந்தன. பாட்டி ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதோ ஒரு பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். ஜன்னல் மூடிய காரில் அவர் இவ்வளவு பேசியதில்லை.

ஓர் எச்சரிக்கை. பின்பெட்டி யோசனை விடியற்காலைக்கும் ஓடும் காருக்கும் மட்டும்தான். நண்பகலில் வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 பாகையையும் தாண்டும். பேட்டரிக்கும் லென்ஸுக்கும் அது ஆகாது.

ரயிலில் புலாவ் செபாங்கில் இறங்கி அலோர் காஜா பக்கம் போகிறவர்களும் உண்டு. ரயில் பெட்டிக் குளிர் உங்களுக்குத் தெரியும். இருக்கையை விட்டு எழுவதற்கு முன்பே பையை மூடிவிடுங்கள். நடைமேடையில் சொந்தக்காரர்கள் கையசைப்பதைப் பார்த்ததும் கேமராவை உருவினால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

வேர்த்துவிட்டால் என்ன செய்வது?

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் நடக்கும். அப்போது முதலில் கேமராவை அணைத்துவிடுங்கள். லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள். கழற்றினால் ஈரக் காற்று உள்ளே புகுந்து, இதுவரை நனையாத உள்பகுதியிலும் படியும். பேட்டரி மூடியையும் திறக்கவேண்டாம். சுத்தமான மெல்லிய லென்ஸ் துணியால் முன் கண்ணாடியை ஒருமுறை ஒற்றலாம். ஆனால் கண்ணாடி சூடாகும்வரை அது மறுபடியும் மங்கத்தான் செய்யும். சட்டை, முந்தானை, டிஷ்யூ மூன்றும் வேண்டாம். முடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டுவதும் வேண்டாம். சூடு ஒரே இடத்தில் குவியும், தூசும் உள்ளே போகும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். அரிசிப் பானைக்குள் போடுவதும் நல்ல யோசனை இல்லை. அரிசியின் மாவுத் தூள் இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வெளியே படிந்த நீர் போய்விடும். உள்ளே போன ஈரம்தான் ஆபத்து. லென்ஸ் கண்ணாடிகளுக்கு நடுவே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி தெரியும். பிடித்துவிட்டால் பழுதுபார்க்கும் செலவு பெரிது, சில சமயம் கண்ணாடியின் பூச்சே போய்விடும். நம் நாட்டில் ஈரப்பதம் பெரும்பாலும் 70 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. அதனால் தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டி வைப்பது கேமராவுக்குப் பாதுகாப்பு ஆகாது. காற்றுப் புகாத மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறிய மானி, இவை போதும். மானி 40க்கும் 50க்கும் இடையே நிற்கட்டும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வாங்கினால் எப்போது மறுபடி காயவைக்கவேண்டும் என்று தெரிந்துவிடும். அதைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வசதியுள்ளவர்கள் மின்சாரத்தில் ஓடும் உலர்பெட்டி வாங்கலாம்.

உண்மையான குளிருக்குப் போகிறவர்களுக்கு

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்கோ கெந்திங்குக்கோ போகும் குடும்பங்களுக்கும் இதே கணக்குதான். மேலே இருக்கும்போது பிரச்சினை குறைவு. கீழே இறங்கும்போதுதான் வரும். கேமரன் மலைக் காலைக் குளிரில் இருந்த கேமராவைத் தாப்பா வந்ததும் வெளியே எடுத்தால் வேர்க்கும். மலையை விட்டு இறங்கும்முன்பே மூடிக்கொள்ளுங்கள்.

கொரியா, ஜப்பான், காஷ்மீர் என்று பனிக்குப் போகும் இளையவர்களே, உங்களுக்கு நான் புரட்டிவிட்டுப் போன அந்தப் பக்கம். வெளியே படமெடுத்து முடித்ததும், விடுதிக்கோ உணவகத்துக்கோ உள்ளே போகும்முன், வாசலுக்கு வெளியிலேயே கேமராவைப் பையில் போட்டு மூடுங்கள். படங்களை உடனே பார்க்கவேண்டும் என்றால் நினைவக அட்டையை மட்டும் வெளியிலேயே கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய் அரை மணி, ஒரு மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். கூடுதல் பேட்டரியை உடலோடு ஒட்டிய பையில் வைத்தால் நிற்கும். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு அதன்மேல் மூச்சு விடாதீர்கள், அதுவே படிந்துவிடும்.

மாரியம்மன் கோயில் மரத்தடி

மூன்றாம் நாள் காலை தோட்டத்துக்குப் போனோம். லயங்கள் இருந்த இடத்தில் செம்பனைக் கன்றுகள். பெரட்டுக் களம் எது, பால் ஸ்டோர் எது என்று பாட்டிக்கு மட்டும்தான் தெரிந்தது. கோயில் மட்டும் அப்படியே, புதிதாக வண்ணம் அடித்து நின்றது. ஜாசினிலிருந்து அந்த இருவரும் மகளோடு வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டி முறுக்கு டப்பாவைத் திறந்தார். இந்த முறையும் இரண்டு டப்பா.

விடுதி அறையில் முதல்நாள் இரவு என்னை அறியாமல் குளிர்சாதனத்தைக் குறைத்து வைத்துத் தூங்கியிருந்தேன். கேமரா பைக்குள் இன்னும் குளிர்ந்திருந்தது. "கொஞ்ச நேரம் ஆகும் பாட்டி" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்.

அந்த அரை மணி நேரத்தில்தான் எனக்குத் தெரியாத பலவற்றைக் கேட்டேன். காண்டா வாளியோடு ஓடையில் விழுந்தது யார், கிராணியிடம் சண்டை போட்டது யார், மழை நாளில் வெட்டு இல்லை என்றால் லயத்தில் என்ன சமைப்பார்கள் என்றெல்லாம். எதிர் லயத்து அக்கா திருவிழாவில் கரகம் எடுத்த கதையை அந்த இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். ஒலிப்பதிவுக் கருவியை மட்டும் ஓடவிட்டேன். குரலுக்குப் புகை படியாது.

நடுநடுவே பாட்டி ஒரு கையைப் பையின்மேல் வைத்து, மறு கையால் பெஞ்சின் இரும்புக் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்துவிட்டதா என்று ஒப்பிடுகிறார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பணம் கொடுத்து வாங்கும் எந்த மானியையும்விட எளிய சோதனை அது. நீங்களும் செய்து பார்க்கலாம். ஏற்கெனவே வெளியில் இருக்கும் ஒரு இரும்பையும் உங்கள் பையையும் தொடுங்கள். பை அதைவிடச் சில்லென்று இருந்தால் திறக்காதீர்கள்.

"இன்னும் சில்லுன்னுதான் இருக்கு" என்றார் ஒருமுறை. பிறகு இன்னொரு கதை. பிறகு பையை என்னிடம் நீட்டினார். "இப்ப எடு."

பையைத் திறந்தேன். கண்ணாடி தெளிவாக இருந்தது. பெஞ்சில் மூவரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். பாட்டி மட்டும் தன் இடப்பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார். நான் தள்ளி உட்காரச் சொல்லவில்லை.